பதினோராவது கேள்வி

பேனா அவன் கையில் இருந்ததுதான் வினை.

படிவத்தின் பதினோராவது கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று ‘ஆம்’, ஒன்று ‘இல்லை’. மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தம் கொடுப்பதற்காகச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டிருந்தாள். கை மடிக்கிறவளை ஏன் எழுத வைக்க வேண்டும் என்று, பெரிய உபகாரி மாதிரி, அவனே படிவத்தை வாங்கி மடமடவென்று நிரப்பிக்கொண்டு வந்தான். சர்க்கரை, இல்லை. ஆஸ்துமா, இல்லை. சமீபத்தில் காய்ச்சல், இல்லை. அந்த வேகத்தில் வந்தவனைப் பதினொன்று சட்டையைப் பிடித்து நிறுத்தியது: ‘கருச்சிதைவு ஏற்பட்டதுண்டா? ஆம் எனில், எத்தனை முறை?’

ஆம். மூன்று முறை. எழுதுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

அவன் ‘இல்லை’யில் டிக் போட்டான்.

போட்ட சூட்டோடு பன்னிரண்டாவது கேள்விக்குத் தாவி, “புகை பிடிப்பீங்களான்னு கேக்கறாங்க. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்னு போடட்டும்?” என்றான் சத்தமாக. ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். மனைவி சிரிக்கவில்லை. படிவத்தை ஒரு பார்வை பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், கையை நீட்டினாள்.

அவன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் எல்லோரும் அவனை ‘பெரிய புள்ளி’ என்று கூப்பிடுவார்கள். செல்வாக்கு ஒன்றும் கிடையாது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்கு வண்ணச் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்தின் முன்னால் ஓடவிடும் இயந்திரம் ஒன்று அந்த லேபில் இருந்தது. ஓர் அணு ஓடினால் திரையில் ஒரு புள்ளி விழும். ஒரு சொட்டு ரத்தத்துக்கு ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ணுவது இவன் வேலை. ஊரில் வேறு பெரிய புள்ளிகளுக்குக் கார் இருக்கும், இவனுக்கு ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதுவும் ஒரு பக்கம் சாயும்.

லேபில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. உடம்பின் காவல் படை, தன் உடம்பையே எதிரி என்று நினைத்து, ரத்தத்தைத் தேவையில்லாத இடத்தில் உறைய வைக்கும் ஒரு வியாதி. பெயர் ரொம்ப நீளம், சுருக்கமாக ஏபிஎஸ். தமிழில் எழுதினால் புது பைக்கின் பிரேக்குக்கும் இதற்கும் ஒரே பெயர்தான். பைக்கில் இருப்பது ஆளைக் காப்பாற்றும், இது ஓடுகிற ரத்தத்துக்குப் பிரேக் போடும். காலில் உறைந்தால் கால் வீங்கும். மூளையில் உறைந்தால் வாய் கோணும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது நஞ்சுக்கொடியில் உறைந்தால் பிள்ளை தங்காது. இந்தக் கடைசி வாக்கியம் சுவரில் ஒட்டிய தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. புள்ளி அந்தத் தாளை ஒரு வருஷமாக மேலிருந்து இரண்டு வரி மட்டும் படித்துக்கொண்டிருந்தான்.

ஆராய்ச்சிக்கு வியாதி உள்ள பெண்கள் இருபது பேர், இல்லாத பெண்கள் இருபது பேர் வேண்டும். உள்ளவர்கள் சீக்கிரம் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமான ஆள்தான் கிடைக்கவில்லை. பத்தொன்பதோடு நின்றது. “இருபதாவது ஆளுக்கு நான் எங்க போறது?” என்று ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா வாரக் கூட்டத்தில் சலித்துக்கொண்டபோது, “எங்க வீட்ல ஒருத்தி இருக்கா மேடம், என்னையே தாங்கறா, அதை விட என்ன ஆரோக்கியம் வேணும்?” என்று வாயை விட்டது புள்ளிதான். வீட்டில் போய், “பத்து மில்லி ரத்தம். ஒரு ஜூஸ் தருவாங்க, அதை நான் குடிச்சுக்கறேன்,” என்றான். மனைவி, “பார்க்கலாம்,” என்றாள். இரண்டு வருஷமாக அவள் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் அது. ஆனால் மறுநாள் மதியம் வேலை இடைவேளையில் வந்துவிட்டாள்.

அவளுடைய டியூப்களுக்கு வைத்த பெயர் ஆ-20. ஆரோக்கியத்துக்கு ஆ.

அன்று சாயங்காலம் ஆ-20இன் புள்ளிகள் திரையில் விழுந்தன.

புள்ளி தன் பிழைப்புக்காக அணுக்களுக்குச் சில செல்லப்பெயர்கள் வைத்திருந்தான். ஒரு கூட்டத்துக்கு ‘சமாதானம்’ என்று பெயர். காவல் படை கையை ஓங்கும்போது குறுக்கே புகுந்து, விடுப்பா, நம்ம ஆளுதான், என்று விலக்கிவிடுகிறவர்கள். இன்னொரு கூட்டம் ‘பதினேழு’. புத்தகத்திலேயே அவர்களுக்குப் பதினேழு என்ற எண்தான். எங்கே சண்டை என்று விசாரித்துக்கொண்டு வருகிற ஆட்கள். நல்ல ரத்தத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடும். வியாதி உள்ளவர்களின் ரத்தத்தில் சமாதானம் இளைத்து, பதினேழு கொழுத்திருக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சியின் கேள்வியே.

ஆ-20இல் சமாதானம் இருக்க வேண்டிய மூலையில், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றும் நாலு புள்ளி. பதினேழின் மூலை திருவிழா.

சாயம் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்தான். மீதி ரத்தத்தில் முதலிலிருந்து செய்தான். அதே திருவிழா. நாற்காலி சாய்கிற பக்கமே சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பக்கத்து மேசையில் ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறவர் ஸ்டாப்வாட்ச் அக்கா. இருபத்தாறு வருஷ அனுபவம். இப்போது இயந்திரமே நொடி எண்ணிச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் கழுத்தில் தொங்கும் பழைய கடிகாரத்தைக் கழற்ற மாட்டார்.

“ஏம்ப்பா பெரிய புள்ளி, உன் ஆ-இருபது என்ன தூங்குது?”

“என்னக்கா?”

“முப்பத்தஞ்சு செகண்டுல உறைஞ்சிருக்கணும். அம்பத்தெட்டு ஆச்சு. வேற நல்ல ரத்தத்தோட பிளாஸ்மாவைக் கலந்து பார்த்தேன். அப்பவும் சரியாகல. உறையறதுக்கான சரக்கு குறைஞ்சு போகல, எதுவோ நடுவுல நின்னு தடுக்குது.”

“லேட்டா உறைஞ்சா நல்லதுதானக்கா? ரத்தம் கட்டாது,” என்றான். பதில் தெரிந்தே கேட்டான்.

“ஒரு வருஷமா இங்கதான குப்பை கொட்டற? குழாய்ல லேட்டா உறையும், உடம்புக்குள்ள அவசரமா உறையும். அதான் இந்த வியாதியோட கோணல் புத்தி.” அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவனைப் பார்த்தார். “உன்னை மாதிரின்னு வெச்சுக்கோயேன். இங்க வந்தா வாய் ஓயாது. வீட்டுக்குப் போனா உறைஞ்சு போயிடுவ.”

அவன் திரையை அணைத்தான். அவன் முகத்தைப் பார்த்த அக்கா ஆ-20இன் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

டாக்டரம்மாவின் அறையில் புள்ளிக் கணக்கும் உறைகிற கணக்குமாக இரண்டு தாள்கள் மேசையில் கிடந்தன. டாக்டரம்மா நல்ல மனுஷி, ஆனால் எந்த வாக்கியத்தையும் ‘லாம்’ போடாமல் முடிக்கத் தெரியாது. இருக்கலாம், வரலாம், யோசிக்கலாம். அவர் வீட்டில் சாப்பாடு தயாரா என்று கேட்டாலும் ‘இருக்கலாம்’ என்றுதான் பதில் வரும் என்பது லேபின் பழைய ஜோக், உபயம் பெரிய புள்ளி.

“ஆ-இருபதையும் ஏதோ ஒரு பேஷண்ட் டியூபையும் மாத்தியிருக்கலாம் நீங்க,” என்றார்.

வெளியே போக எத்தனை நல்ல கதவு! ஆமாம் மேடம், மாத்திட்டேன், கவனக்குறைவு என்று சொன்னால் போதும். திட்டுவார். டியூபைக் கொட்டிவிடலாம். வேறு ஓர் ஆரோக்கியத்தைத் தேடிப் பிடிக்கலாம். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். கதவுப் பிடியில் கை வைக்கிற தூரத்தில் அந்தப் பொய் இருந்தது.

“டியூபை மாத்தல மேடம்,” என்றான். “படிவத்தை மாத்திட்டேன்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “எந்தக் கேள்வி?”

“பதினொண்ணு.”

“எத்தனை?”

“மூணு.”

“எத்தனாவது வாரம்?”

“ஒம்பது. பத்து. பதினொண்ணு.”

சொல்லும்போதே அவனுக்கு அந்தப் பழைய கணக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது முடிந்த மாதம் ஒரு நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போட்ட கணக்கு. ஒவ்வொரு பிள்ளையும் முந்தினதை விட ஒரு வாரம் கூடுதலாக இருந்து பார்த்திருக்கிறது. இதே ரீதியில் போனால் முப்பத்திரண்டாவது பிள்ளை நாற்பது வாரம் முழுசாக இருக்கும். பெரிய கண்டுபிடிப்பு. அன்றைக்கு அவன் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய் இறங்கினான். ஜோக்காகத்தான் போட்டான், ஆனால் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

“மூணாவதுக்கு அப்புறம் டெஸ்ட் எதுவும் எழுதித் தரலியா?”

“தந்தாங்க. பெரிய லிஸ்ட். அவ அதை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அதோட அந்தப் பேச்சும் பீரோவுக்குள்ள போயிடுச்சு.”

“இந்த லேபுல ஒரு வருஷமா இருக்கீங்க. உங்களுக்குத் தோணவே இல்லையா?”

“தோணிச்சு மேடம்.”

“அப்ப, நிஜமாவே ஆரோக்கியம்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தீங்களா, இல்ல...”

வேறு எந்தக் கேள்விக்கும் அவனிடம் ஒரு நக்கல் இருந்திருக்கும். இதற்கு இல்லை. தெரியாமல்தான் செய்தோமா, தெரிந்தேதான் செய்தோமா என்று அவனுக்கே விளங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவு: ஆ-20ஐ ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட வேண்டும். நடந்ததை, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கும் நெறிக்குழுவுக்கு அவன் கைப்பட எழுதித் தர வேண்டும். அதன் பிறகு இந்த லேபில் எந்தப் படிவத்தின் பக்கமும் அவன் போகக் கூடாது. மனைவியை வரச் சொல்ல வேண்டும். சேதியை டாக்டர்தான் சொல்வார், அவன் முந்திரிக்கொட்டை வேலை செய்யக் கூடாது. “புள்ளிக் கணக்கை வெச்சு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது, அது ஆராய்ச்சி. உறையற டெஸ்டும் ஆன்டிபாடியும்தான் பேசும். அதுவும் ஒரு தடவை வந்தா நம்பக் கூடாது. ஒரு காய்ச்சல்ல கூட வந்துட்டுப் போகலாம்.”

“மேடம், ஒரே ஒரு வார்த்தை. இருக்கா, இல்லையா?”

“இருக்கலாம்,” என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி வீடு. கூடம், சமையலறை, படுக்கையறை, அதை விட்டால் ஒரு சின்ன அறை. அந்தச் சின்ன அறைக்கு முன்னே வேறு பெயர் இருந்தது. மூன்றாவதுக்குப் பிறகு அங்கே இஸ்திரிப் பலகையைக் கொண்டு போட்டாள். அன்றிலிருந்து அது இஸ்திரி ரூம்.

“டாக்டரம்மா உன்னைப் பார்க்கணுமாம்,” என்றான். வழி முழுக்க ஒத்திகை பார்த்த மூன்று ஜோக்குகளும் செருப்போடு வாசலிலேயே தங்கிவிட்டன.

கத்தி நின்றது. “எதுக்கு?”

“அன்னைக்குக் கொடுத்த ரத்தம்... ஒண்ணும் இல்ல, சும்மா, மறுபடி ஒரு தடவை...”

“டிக்கைப் பத்தியா?”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பார்த்தியா?”

“கண்ணு டெஸ்ட் பண்றதுதான் என் வேலை. கட்டம் தெரியாதா எனக்கு?” அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். ரொம்ப மெல்லிசாக, காய்க்குத் தேவையே இல்லாத மெல்லிசு. “இல்லைன்னு போட்டீங்க. மூணு பேர் வந்துட்டுப் போனாங்க. ஒரு டிக்குல வரவே இல்லைன்னு ஆக்கிட்டீங்க.”

“உன்னை அந்த இடத்துல வெச்சுக் கேக்க எனக்கு மனசு வரல.”

“எந்த இடத்துல வெச்சுத்தான் கேட்டீங்க? ரெண்டு வருஷமா ஒரு தடவை? கேட்டா அழுவேன், சரி, அழுதுட்டுப் போறேன். அதை விட்டுட்டு ஊசி போட்டு எடுத்துட்டுப் போய், மெஷின்ல ஓடவிட்டு... என்னைக் கேக்காம என் ரத்தத்தைப் போய்க் கேட்டிருக்கீங்க.”

குக்கர் விசில் அடித்தது. அவளை விட்டால் அந்த வீட்டில் அன்று வெளிப்படையாகப் பேசியது அது ஒன்றுதான்.

“டாக்டர்கிட்ட வருவியா?” என்றான் கடைசியில்.

“பார்க்கலாம்,” என்றாள்.

வந்தாள். டாக்டரம்மா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை படிவத்தை அவளே நிரப்பினாள். பதினோராவது கேள்வியில் ‘ஆம்’ என்று டிக் போட்டு, ‘3’ என்று எழுதி, அந்த மூன்றை ஒரு தரம் மேலேயே அழுத்தி எழுதினாள். புள்ளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முதல் சோதனையில் ஆன்டிபாடி இருந்தது. இதோடு முடிவு கட்டக் கூடாது, இதே சோதனையைப் பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்ய வேண்டும், அப்போதும் இருந்தால்தான் வியாதி, அதுதான் விதி என்றார் டாக்டரம்மா. அதற்குள் கால் வீங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வர வேண்டும்.

“பன்னண்டு வாரம் எங்களுக்கு எதுவும் நின்னதில்ல டாக்டர்,” என்றாள் அவள். குரலில் புகார் இல்லை. தகவல் மாதிரிச் சொன்னாள்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில் புள்ளி தன்னைப் பற்றி அசிங்கமான ஓர் உண்மையைக் கண்டுபிடித்தான். மனைவிக்கு வியாதி இருக்க வேண்டும் என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்தான். சாதாரண ஏக்கம் இல்லை, பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வருகிற ஏக்கம். இருந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு, மருந்து உண்டு, மூன்று பேருக்கும் ஒரு காரணம் உண்டு. இல்லாவிட்டால் பழையபடி ‘சில சமயம் அப்படி நடக்கலாம்’தான். பெண்டாட்டிக்கு ஆயுசுக்கும் ரத்தம் கட்டுகிற வியாதி வரட்டும் என்று நினைக்கிற புருஷன் எந்த ஊர்ச் சிறையில் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த ஊருக்கு டிக்கெட் கிடைத்தால் போய்விடத் தயாராக இருந்தான்.

எதிர் மாடிக் கொடியில் தினமும் சின்னச் சாக்ஸ் காயும். எண்ணுவது தொழிலாகிவிட்டதால் எண்ணுவான். ஒரு நாள் எட்டு. ஒரு நாள் பதினொன்று, ஒற்றைப்படை. எந்தக் காலின் சாக்ஸ் தொலைந்ததோ என்று அரைமணி நேரம் கவலைப்பட்டான். அவளும் ஜன்னலில் நிற்பாள், அவன் வந்தால் திரையைச் சரிசெய்வதுபோல இழுத்துவிட்டுப் போவாள். அவளும் எண்ணினாளா? கேட்டிருக்கலாம். ஒரே படுக்கையில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓரம். நடுவே இருந்த இடத்தில் ஒரு சின்ன ஆள் தாராளமாகப் படுக்கலாம். அவன் கையை அந்த இடத்தில் நீட்டி வைத்துப் பார்ப்பான். அவள் தூங்குகிற மாதிரி இருப்பாள். அவள் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அவன் கை அங்கே இருப்பது அவளுக்கும் தெரியும்.

ஏழாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், அவளுடைய கண்ணாடிக் கடைக்கே போனான். லேப் திரையில் புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன, கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பது சாக்கு. டோக்கன் வாங்கிக்கொண்டு மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட வந்தவள் அவனைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள்.

“வீட்ல சொன்னா ஆகாதா?”

“வீட்ல டோக்கன் தர மாட்டேங்கறியே.”

உள்ளே இருட்டறை. கனமான இரும்பு பிரேமை அவன் மூக்கில் மாட்டிச் சரிசெய்தாள். அவள் விரல் அவன் பொட்டில் பட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“எதிர்ல எழுத்தைப் பாருங்க. இது தெளிவா இருக்கா,” லென்ஸை மாற்றினாள், “இது தெளிவா இருக்கா?”

“ரெண்டுலயும் நீ நல்லாத்தான் இருக்க.”

“என்னைப் பார்க்கச் சொல்லல. எழுத்தைப் பாருங்க. ஒண்ணா, ரெண்டா?”

“ஒண்ணு கொஞ்சம், ரெண்டு கொஞ்சம்...”

“வர்றவங்க எல்லாம் பட்டுனு சொல்லிட்டுப் போறாங்க. ஒண்ணா, ரெண்டா? நேரா சொல்லுங்க.”

“ரெண்டு,” என்றான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். கண்ணின் உள்ளே பார்க்க வேண்டுமானால் முகத்துக்கு முகம் ஒட்டுகிற அளவு வர வேண்டும். சிமிட்டாதீங்க என்றாள். அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டுப் பட்டுப் போனது. கேட்டுவிடலாம், இப்போது, இந்த இருட்டில், இவ்வளவு பக்கத்தில். இன்னொரு தரம் ஆசைப்படலாமா என்று மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தான்.

“உள்ள என் மூளை தெரியுதா?” என்றான்.

“அதுக்கெல்லாம் ரொம்ப உள்ள போகணும்,” என்று விளக்கை அணைத்தாள். சிரித்தாளோ என்று ஒரு சந்தேகம், இருட்டில் சரியாகத் தெரியவில்லை. சீட்டில் கண்ணாடிக்கான எண்ணை எழுதிக் கொடுத்தாள். “தூரம் எல்லாம் நல்லா தெரியுது உங்களுக்கு. பக்கத்துல இருக்கறதுதான் தெரியல. நாற்பது வயசுல வர்றதுதான். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். பஸ் நிறுத்தம் வரை கன்னத்தில் அந்த மூச்சு இருந்தது. இவள் வேண்டும், இவள் சிரிப்பது நிச்சயமாகத் தெரிகிற வீடு வேண்டும், அந்த வீட்டில் காலணி எடுத்து ஒளித்து வைக்க ஒரு பொடிசு வேண்டும். வரிசையாக எல்லாம் வேண்டும். சொல்லத்தான் வரவில்லை.

பன்னிரண்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை ரத்தம் கொடுத்தாள். டியூபின் மேல் இப்போது எண்ணுக்குப் பதில் அவள் பெயர். ஸ்டாப்வாட்ச் அக்கா அந்த டியூபைத் தன் கையாலேயே செய்தார். புள்ளியைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. “நீ போய் உன் புள்ளியை எண்ணு. இங்க மூச்சு விட்டா ரத்தம் பயந்துரும்.” மூன்று நாள் கழித்து டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார்.

“ரெண்டாவது தடவையும் அதே அளவுக்கு வந்திருக்கு. உறையற டெஸ்டும் அதேதான். இருக்குன்னே எடுத்துக்கலாம்,” என்றார். அவர் அகராதியில் இதற்கு மேல் உறுதி கிடையாது.

புள்ளிக்கு முதலில் வந்தது நிம்மதி, அடுத்த மூச்சில் வெட்கம். மனைவியைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் இல்லாமல் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தான்.

அவள்தான் பேசினாள். “அந்த மூணும் இதனாலதானா டாக்டர்?”

“பெரும்பாலும் இதனாலேயே இருக்கலாம்.”

“நான் தண்ணிக் குடம் தூக்கினது, ஸ்டூல் மேல ஏறி பரண் துடைச்சது, அதெல்லாம்...”

“அதெல்லாம் கிடையாதும்மா.” இதில் மட்டும் டாக்டரம்மா ‘லாம்’ சேர்க்கவில்லை.

மனைவி கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் பரண் துடைத்ததை இத்தனை நாள் சுமந்துகொண்டிருந்தாள் என்பது புள்ளிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் பங்குக்கு, வேகத்தடையில் வண்டியைக் குதிக்க விட்ட ஒரு சாயங்காலத்தை அவன் சுமந்துகொண்டிருந்தான். ஒரே வீட்டில் இரண்டு மூட்டை, ஆளுக்கு ஒரு அறையில்.

“இனிமே உண்டானா?” என்றாள்.

“உண்டானது தெரிஞ்ச நாள்லேர்ந்து ஆஸ்பிரின் மாத்திரை, தினமும் வயித்துல ஒரு சின்ன ஊசி. கடைசி வரைக்கும். நிறைய பேருக்கு நின்னிருக்கு. எல்லாருக்கும் நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். யோசிச்சு ரெண்டு பேரும் பேசிட்டு வரலாம்.”

படி இறங்கினார்கள். மருந்துக் கடை ஜன்னல், சக்கர நாற்காலிகள் நிறுத்தி வைத்த வராந்தா, வெயில். ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தப் பெஞ்சில் எக்ஸ்ரே கவரோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். ஒருவர் உட்காரத்தான் இடம் இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவன் எதிரே நின்றான்.

ஒரு பஸ் வந்தது, அவர்கள் வழியில் போகிறதுதான். அவள் எழவில்லை. பஸ் போய்விட்டது.

“தினமும் வயித்துல ஊசின்னா,” என்று ஆரம்பித்தான். அடுத்து வரவேண்டிய ஜோக் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. நல்ல ஜோக்தான். அதை விழுங்கினான்.

“எனக்கு வேணும்,” என்றான். “உனக்கு இருக்கணும்னு பன்னண்டு வாரமா நெனச்சுட்டு இருந்தேன். அது உனக்குத் தெரியணும். எனக்கு வேணும்கறதுக்காக நீ சரின்னு சொல்ல வேணாம். உனக்கு வேண்டாம்னா இஸ்திரி ரூம் இஸ்திரி ரூமாவே இருக்கட்டும், சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா உன்னைக் கேக்காம நானா ஒண்ணு நெனச்சுட்டுத் திரியறது இனிமே என்னால ஆகாது. உனக்கு வேணுமா?”

பெரியவர் எக்ஸ்ரே கவரை வெயிலில் தூக்கிப் பிடித்து அதில் எழுதியிருந்ததை மிகவும் அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

“வேணும். மூணு தடவையும் வேணும்னுதான் இருந்தது, இப்பவும் வேணும். பயமா இருக்கு, ராத்திரி எல்லாம் பயமா இருக்கு, அப்பவும் வேணும். ஒரே ஒரு தடவை. ஊசியை நானே போட்டுக்குவேன், நீங்க பக்கத்துல இருக்கணும். இதுவும் நிக்கலைன்னா அதோட சரி, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.”